ஒளிரக் கூடாத தட்டு

எங்கள் கல்லூரியின் நுண்ணோக்கி அறையில் ஒரே ஒரு ஜன்னல். அதையும் கறுப்புத் தாள் ஒட்டி அடைத்திருக்கிறோம். வெளியே சேலத்து வெயில் எப்படி அடித்தாலும், உள்ளே விளக்கை அணைத்தால் நம் கையே நமக்குத் தெரியாது. அந்த இருட்டில் உட்கார்ந்து, உயிரோடிருக்கும் செல்களுக்குள் செம்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை.

செம்பு என்றால் கம்பியோ தகடோ அல்ல. கரைந்துபோன செம்பு, அதன் அயனி. கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பதற்கென்று ஒரு மூலக்கூறைச் செய்கிறோம். ஆய்வகத்தில் அதை புரோப் என்போம். சும்மா இருக்கும்போது அதற்கு நிறமும் கிடையாது, ஒளியும் கிடையாது. அதன் அமைப்பில் ஒரு வளையம் மூடியிருக்கும். செம்பு அயனி வந்து ஒட்டினால் அந்த வளையம் திறந்துகொள்ளும். பிறகு அதன்மேல் தகுந்த வெளிச்சத்தைப் பாய்ச்சினால் ஆரஞ்சும் சிவப்புமாக ஒளிரும். சாம்பலுக்கடியில் கிடக்கும் தணலை ஊதினால் எப்படி இருக்குமோ அப்படி.

நாங்கள் வளர்ப்பது கல்லீரல் செல்கள். பல பத்தாண்டுகளுக்கு முன், எங்கோ கடல் தாண்டிய நாட்டில், ஈரலில் கட்டி வந்த ஒரு பையனிடமிருந்து எடுத்தவை. அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவன் ஈரலின் அந்தத் துணுக்கு மட்டும் இன்னும் பல நாடுகளில் வளர்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் இன்குபேட்டரிலும், உடம்புச் சூட்டில், பிளாஸ்டிக் தட்டுகளில் வளர்கிறது. பசித்தால் ஊட்டத் திரவம் மாற்றுகிறோம். இடம் நெருக்கமானால் பிரித்து வைக்கிறோம்.

ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு தட்டு வைப்போம். ஒன்றில் செம்பு சேர்ப்போம், மற்றதில் சேர்க்கமாட்டோம். சேர்க்காத தட்டு ஒளிரக் கூடாது. அது ஒளிர்ந்தால், ஒளிர்ந்த மற்ற தட்டையும் நம்ப முடியாது. புதிதாக வரும் ஆய்வு மாணவர்களுக்கு நான் முதலில் பழக்குவது இதைத்தான். அழகாக ஒளிரும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். "இருட்டா இருக்கற படத்த மொதல்ல காட்டுங்க" என்பேன்.

செம்பை விட்டுவிட்டு வேறு உலோகத்தை எடுத்திருக்கலாம். துத்தநாகம் எடுத்திருக்கலாம், இரும்பு எடுத்திருக்கலாம். எதற்காகச் செம்பு என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். அதன் உயிரியல் முக்கியத்துவம் என்று ஏதோ சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை.

*

அப்பாவுக்குப் புதுச்சத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை. ஒழுங்கு எனக்கு அவரிடமிருந்து வந்தது. தீவன மூட்டைகளின் வாய் ஒரே திசையைப் பார்த்திருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி குறித்த கிழமையில் கழுவியிருக்க வேண்டும். தொட்டியில் பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் கரைத்து விடுவார். நீலமான செம்பு உப்பு அது. அந்த நீலம் தண்ணீரில் இறங்குவதை நானும் தம்பியும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். கோழிக்குச் சுத்தம் செய்யும் செம்பு மனுசனையும் சுத்தம் செய்யும் என்பது அப்பாவின் கணக்கு. அம்மா கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த செம்புக் குடம் சமையலறை மூலையில் இருந்தது. மாலையில் அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கித் தண்ணீர் நிரப்பி வைப்பார். காலையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளர். அதை ஊற்றிக் கொடுப்பது அம்மா அல்ல, அப்பாதான்.

தம்பி பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது அவன் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ டம்ளரில்தான் தெரிந்தது. தட்டில் சிந்தும். "எதுக்குடா இப்பவே கெழவனாயிட்ட?" என்று அக்கா கிண்டல் செய்வாள். அவனும் சிரிப்பான். பிறகு கையெழுத்து குலைந்தது. பேச்சு குழறியது. வாயோரம் எச்சில் வடிந்தது. காரணமில்லாமல் சிரித்தான், காரணமில்லாமல் கோபப்பட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தான். சாதுவான பையன். ஊரில் என்ன சொல்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பண்ணைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றடியில் உச்சி வெயிலில் தனியாகப் போய் பயந்திருக்கிறான், ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்கள்.

அப்பா முதலில் டாக்டரிடம்தான் காட்டினார். நரம்புத் தளர்ச்சி என்று டானிக் கொடுத்தார்கள். மஞ்சள்காமாலை ஒரு முறை வந்து போனது. அதற்கும் இதற்கும் யாரும் முடிச்சுப் போடவில்லை. டானிக் கேட்காமல் போனபின் ஏரிக்கரைக் கோயிலில் உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். கோடாங்கி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் மேல் இமையைத் தூக்கிப் பிடித்தார். வெயிலுக்கு நேராக அவன் முகத்தைத் திருப்பினார்.

"கருமுழியச் சுத்தி வந்து உக்காந்திருக்குது பாருங்க பண்ணக்காரரே. வேலி கட்டுனாப்புல. உள்ள இருக்கறது அதுங் காவலு."

அப்பா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கருவிழியின் விளிம்பில் மெல்லிய வளையம். தங்கமும் பழுப்பும் கலந்த நிறம். துலக்காமல் விட்ட குடத்தின் கழுத்தில் படியுமே, அந்த நிறம். தம்பி அசையாமல் நின்றான், கை மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. "கண்ணு எரியுதுங்கப்பா, உடச் சொல்லுங்க" என்றான்.

உடம்பு தேறட்டும் என்று அப்பா அவனுக்கு மட்டும் செம்புக் குடத்துத் தண்ணீரைக் கூட்டிக் கொடுத்தார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் போனபோது தாமே பிடித்துப் புகட்டினார். மறு வருடம் ஆடி மாதத்தில் தம்பி போய்விட்டான். கல்யாணமாகாதவன் என்பதால் எங்கள் வழக்கப்படி புதைத்தோம், சொந்தத் தோட்டத்திலேயே, வேப்பமரத்து ஓரம்.

நான் மேல்படிப்பில் இருந்தபோது நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தில் அந்த வளையத்தை மறுபடியும் பார்த்தேன். வண்ணப் படம். கண் வேறு யாருடையதோ. வளையம் அதே வளையம். ஈரல் செம்பை வெளியேற்ற முடியாமல் தேக்கிவைக்கும் பிறவிக் கோளாறு, தேக்க இடமில்லாதபோது செம்பு மூளைக்கும் கண்ணுக்கும் போகும் என்று கீழே எழுதியிருந்தது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் இது வரும். நெருங்கிய உறவில் மணமுடிப்பவர்களிடம் அதிகம். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரை உண்டு. செம்புப் பாத்திரத்தில் வைத்த தண்ணீர் கூடாது. இந்தக் கடைசி வரி அச்சில் மிகச் சிறிய எழுத்தில் இருந்தது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அப்போது அவள் வெண்ணந்தூரில் வாழ்க்கைப்பட்டு, கையில் பெண் குழந்தை வைத்திருந்தாள். மாப்பிள்ளை எங்கள் மாமன் மகன்தான். அம்மாவும் அப்பாவுக்கு மாமன் மகள். காடு தோட்டம் வெளியே போகக் கூடாது என்று பரம்பரையாகக் கொடுத்து எடுத்துக்கொண்ட குடும்பம். தோட்டம் போகவில்லை. இதுவும் போகவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள் அக்கா. "குடிக்கக் குடுத்த கையி அவுருது. தாங்கமாட்டாரு."

எனக்கும் அக்காவுக்கும் இரத்தம் பார்த்தோம். நோய் இல்லை. குழந்தைக்கும் பார்க்க வைத்தேன். எல்லைக்கோட்டில் இருக்கிறது, வளர்ந்தபின் மறுபடியும் பாருங்கள் என்றார்கள். அதன்பின் நான் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்கு அவசர வேலை வந்துவிடும். அம்மா எதுவும் தெரியாமலே காலமானார். அப்பா பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடம் மூலையில் இருந்தது.

*

இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அக்கா மகள் என் வீட்டுக்கு வந்தாள். பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம். கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீடு. வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"காப்பித்தூள் டப்பாவுக்குக்கூட தேதி போட்டு லேபிள் ஒட்டியிருக்கீங்க சின்னம்மா. எனக்கும் ஒண்ணு ஒட்டியுடுங்க. காணாமப் போனா யாராச்சும் கொண்டாந்து சேத்துவாங்க."

"உனக்கு ஒட்டுனா ஒரு நாள் தாங்குமா? கிழிச்சுப்போடுவ."

கையில் பளபளப்பான செம்புத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாள். இப்போது கிரகப்பிரவேசங்களில் எல்லாம் கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. பள்ளியில் எல்லாரும் இப்படித்தான் கொண்டுவருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஸ்டீல் பாட்டில் ஒன்றைக் கொடுத்தேன். காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேதியியல் எடுக்கலாமா என்ற யோசனையில் இருந்ததால் ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். இருட்டறையில் செல்களைக் காட்டினேன். செம்பு சேர்த்த தட்டை வைத்ததும், "ஐயோ, ஊருக்குள்ள கரன்ட் வந்தாப்புல இருக்குது" என்றாள். செம்பு சேர்க்காத தட்டை வைத்தேன். வெகு நேரம் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க."

"அதுதான் சரி."

"இதுலயும் செல்லு இருக்குதுங்களா?"

"இருக்குது. உயிரோடதான் இருக்குது."

வெளியே வந்ததும் அவளே செய்து பார்க்கட்டும் என்று பிப்பெட்டைக் கொடுத்தேன். குழிகள் வரிசையாக இருக்கும் சிறிய தகடு. ஒவ்வொரு குழியிலும் ஒரு துளி விட வேண்டும். முதல் குழியின் விளிம்பில் பிப்பெட்டின் நுனி தட்டியது. டிக் டிக் டிக் என்று சிறிய பிளாஸ்டிக் சத்தம். துளி பக்கத்துக் குழியில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. இன்றைக்குப் புதிதாகப் பிடிக்கவில்லை.

"டீ குடிக்கலீங்க சின்னம்மா, அதான்" என்று சிரித்தாள்.

சிரிப்பு ஒரு நொடி அதிகமாக நீடித்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் தகட்டை வாங்கி, கழுவி, அதன் இடத்தில் வைத்தேன். தரையில் சிந்தியதைத் துடைத்தேன். துடைக்க எதுவும் இல்லாத இடத்தையும் துடைத்தேன்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் அவர்கள் வீட்டு விசைத்தறி ஓடும் சத்தம் கேட்டது.

"பாப்பாவுக்குக் கை நடுங்குதுக்கா."

"பரிச்சைக்குக் கண்ணு முழிச்சுப் படிச்சா. அதுதான்" என்றாள்.

"பரிச்சை முடிஞ்சு போச்சே."

"நீ அந்த இருட்டு ரூமுக்குள்ளயே உக்காந்து உக்காந்து எதப் பாத்தாலும் அவனாட்டந்தான் தெரியுது உனக்கு. எம்புள்ளைய அவனாக்காத."

"ஒருக்கா பாத்துட்டா தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "தெரிஞ்சா மாத்திரை இருக்குது. தம்பிக்கும் இருந்துது. நமக்குத் தெரியல."

அக்கா அழுகிறாள் என்பது தறிச் சத்தத்தை மீறித் தெரிந்தது. "ஞாயித்துக்கெழம அப்பா ஊட்டுக்கு வாரேன். நீ அவளக் கூட்டிட்டு வா. அங்க வெச்சுப் பேசிக்கலாம். அப்பா முன்னால மட்டும் வாயத் தொறந்துறாத."

என் வீட்டில் இருந்த நாட்களில் பாப்பாவைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோசையைப் பிய்ப்பது, தலை வாருவது, கைபேசியில் தட்டுவது. கதவைத் திறந்து வரும்போது சில சமயம் தம்பி வருவது போலவே வருவாள். ஒரு தோளை முன்னால் கொடுத்து வருவாள். அது நோய் இல்லை, ஜாடை. ஆனால் எது ஜாடை, எது நோய் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. சமையலறையில் எது விழுந்தாலும் ஓடிப்போய் நிற்பேன். "பூனைங்க சின்னம்மா" என்பாள்.

*

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது பாப்பா ஒரு சின்னக் குப்பியில் புரோப் கரைசல் கேட்டாள். கூடவே ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச். அப்புச்சிக்கு வித்தை காட்ட வேண்டுமாம். அம்மாவின் தகப்பனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. கையில் படக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது என்று கையுறை கொடுத்து அனுமதித்தேன். எதில் விட்டுக் காட்டப்போகிறாள் என்று கேட்கவில்லை. அக்காவிடம் என்ன பேசுவது என்பதிலேயே மனம் இருந்தது.

நாங்கள் போனபோது அக்கா முன்பே வந்திருந்தாள். அப்பா பேத்தியைப் பார்த்ததும் எழுந்து சமையலறைக்குப் போனார். குடத்தைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. டம்ளரோடு வந்தார்.

"வா சாமி, வா கண்ணு. மொதல்ல இதக் குடி."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"பாட்டலுத் தண்ணி தீந்திருச்சா?" என்று அப்பா பேத்தியைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மிணிக்கு கையி வெடவெடங்குது. பொங்கலுக்கு வந்தப்பவே பாத்துட்டன் நானு. ஆரும் கவனிக்கல. அன்னையிலிருந்து பாட்டலு வாங்கிக் குடுத்து இந்தத் தண்ணியத்தான் குடிக்கச் சொல்லியிருக்கறேன். நரம்புக்கு நல்லது."

பாட்டில் எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த நடுக்கத்தைப் பார்த்தவர் அவர். பார்த்ததும், தம்பிக்கு என்ன செய்தாரோ அதையே மறுபடியும் அன்போடு செய்ய ஆரம்பித்திருக்கிறார்.

"அப்புச்சி, இருங்க, இருங்க. அதக் குடிக்கறதுக்கு முன்னால ஒரு வித்தை" என்றாள் பாப்பா. தீவன மூட்டை வைக்கும் அறைக்கு எல்லாரையும் இழுத்துப்போனாள். அங்கேதான் பகலிலும் இருட்டு. இரண்டு கண்ணாடிக் குப்பிகளை மூட்டைமேல் வைத்தாள். ஒன்றில் ஆழ்குழாயிலிருந்து வரும் போர்த்தண்ணீர், மற்றதில் குடத்துத் தண்ணீர். கையை மூட்டைமேல் ஊன்றி நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, இரண்டிலும் சொட்டு விட்டாள். சொல்லிக்கொடுத்தபடியே கொஞ்ச நேரம் பொறுத்தாள். கதவைச் சாத்தி டார்ச்சை அடித்தாள்.

போர்த்தண்ணீர் அப்படியே இருந்தது. குடத்துத் தண்ணீர் ஆரஞ்சாக எரிந்தது.

"அட சாமி!" என்றார் அப்பா. "தணலாட்ட இருக்குதே!"

"செம்புங்க அப்புச்சி. நீங்க குடுக்கற தண்ணில இருக்கற செம்பு."

"பாத்தியா?" அப்பாவின் குரலில் அத்தனை சந்தோஷம். "சத்து இருக்குதுன்னு நாஞ் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல. இப்பக் கண்ணால பாத்தாச்சு. இந்தா, குடி சாமி."

டம்ளரை நீட்டினார். அந்த ஊதா வெளிச்சத்தில் அவர் கை தெரிந்தது. பாப்பா வாங்கக் கை நீட்டியதும் தெரிந்தது.

"அதைக் குடுக்காதீங்கப்பா" என்றேன்.

"ஏய்!" என்றாள் அக்கா.

கதவைத் திறந்துவிட்டேன். வெளிச்சத்தில் எல்லார் முகமும் தெரிந்தது. அப்பா டம்ளரைப் பிடித்தபடியே நின்றார்.

"செம்பு நல்லதுதானே?"

"நமக்கு ஒண்ணும் பண்ணாதுங்க. சில பேரு ஈரலுக்கு அத வெளிய தள்ளத் தெரியாது. உள்ளயே தேங்கிக்கும். கை நடுங்கும். பாப்பாவுக்கு அப்படி இருக்குதான்னு பாக்கோணும். இருந்தா மாத்திரை இருக்குது. பயமில்ல."

ஷெட்டுப் பக்கம் கோழிகளின் இரைச்சல் ஏறி இறங்கியது. அப்பா டம்ளரை மூட்டைமேல் வைத்தார். மூட்டையின் வாய் வேறு பக்கம் திரும்பியிருந்ததைக் கண்டு, குனிந்து, சரியாகத் திருப்பி வைத்தார். பிறகு கேட்டார்:

"கண்ணுல வளையம் வருமா?"

"வரும்."

"அப்ப அவனுக்கும் இதுதான்."

"ஆமாங்கப்பா. ஆனா கொடம் காரணமில்ல. பொறக்கும்போதே வந்தது. உங்ககிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி. நாம சாப்பிடற எல்லாத்துலயும் செம்பு இருக்குது. கொடத்துத் தண்ணி குடிக்காம இருந்திருந்தாலும் மாத்திரை இல்லாம அவன் பொழச்சிருக்கமாட்டான்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆயிரம் முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்த சொற்கள். அப்பா கடைசி வரை கேட்டார்.

"கொடம் காரணமில்லீன்னா, ரெண்டு பேரும் இத்தன வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பாப்பாதான் பேசினாள். அவளுக்கு அதுவரை தெரிந்தது மாமன் ஒருவர் சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டார் என்பது மட்டும்.

"எனக்கென்னமோ வந்திருக்குதுன்னா, அத எங்கிட்டயும் ஆரும் சொல்லல அப்புச்சி. நம்ம ரெண்டு பேருந்தான் இளிச்சவாயங்க."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். "நாளைக்கே போலாம்" என்றார்.

*

மறுநாள் விடிந்ததும் அவர்தான் முதலில் தயாராகி நின்றார், வெள்ளை வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக. எல்லாரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என் இத்தனை ஆண்டு வேலை அந்த ஆஸ்பத்திரியில் எதற்கும் உதவவில்லை. எங்கள் புரோப் தட்டில் வளரும் செல்களுக்கானது, மனிதர்களுக்கு இன்னும் ஆகாது. அங்கே செய்ததெல்லாம் எப்போதோ வழக்கத்துக்கு வந்த சோதனைகள். இரத்தம் எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேர்க்கச் சொல்லிக் கேன் கொடுத்தார்கள். கண் டாக்டர் பாப்பாவின் தாடையைக் கருவியின் தாங்கியில் வைக்கச் சொன்னார். அறை விளக்கை அணைத்தார். மெல்லிய கீற்று வெளிச்சம் கண்ணின் குறுக்கே நகர்ந்தது. நான் தினமும் உட்காரும் இருட்டு, ஆனால் இந்த முறை தட்டில் இருப்பது எங்கள் பிள்ளை. அந்தத் தட்டு ஒளிரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "மேல் ஓரத்துல ஆரம்பிச்சிருக்கு. மெலிசாத்தான் இருக்கு. நீங்க பாக்கறீங்களா?"

நான் பார்ப்பதற்கு முன் அப்பா எழுந்தார். "நான் பாக்கலாங்களா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஏரிக்கரையில் வெயிலில் குனிந்த அதே குனிவு. அவர் முதுகு எனக்கு அப்படியே நினைவிருந்தது. பாப்பா அசையாமல் இருந்தாள். அவள் கை மட்டும் மடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதேதான்" என்றார்.

பிறகு நிமிராமலே கேட்டார்: "இது போயிருங்களா டாக்டர்?"

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டாங்கன்னா கொஞ்சம் கொஞ்சமா மங்கும். பலபேருக்குப் போயிருக்கு. ஆனா மாத்திரைய நிறுத்தவே கூடாது. நேரத்தோட வந்துட்டீங்க."

'நேரத்தோட' என்ற சொல்லைக் கேட்டு அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மற்ற முடிவுகளும் வந்து உறுதியானது. மாத்திரை தொடங்கினோம். தேங்கிய செம்பைச் சிறுநீரில் இறக்கிவிடும் மாத்திரை. முதல் வாரங்களில் நடுக்கம் குறையாது, கூடக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். கூடியது. ஒரு நாள் சாப்பிடும்போது அவள் பேச்சு லேசாகக் குழறியது. அக்கா தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை. புத்தகம் சொன்னதும் டாக்டர் சொன்னதும் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். தெரிந்தது உதவவில்லை. எதிரில் இருப்பது பாப்பாதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கடல உருண்டையும் கூடாது, சாக்லேட்டும் கூடாது, முந்திரியும் கூடாது" என்று பாப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஈரல் வறுவலும் கூடாதாம். கோழிப்பண்ணைக்காரர் பேத்தி நானு. வெளிய சொன்னா மானக்கேடு."

இப்போது நடுக்கம் குறைந்து வருகிறது. நேற்று பிப்பெட்டில் ஒரு வரிசை முழுக்கச் சிந்தாமல் விட்டாள். அடுத்த வரிசையில் சிந்திவிட்டது.

*

இதை எழுதக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது.

பாப்பா தேறி வருகிறாள் என்று சொல்ல ஒரு சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். சமையலறை மூலையில் குடம் இல்லை. கேட்கவில்லை. பிறகு ஷெட்டுக்குப் போகும் வழியில் பார்த்தேன். கழுவி, துலக்கி, கவிழ்த்து வைத்திருந்தார். மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது.

அப்பா என் கைப்பையைப் பார்த்தார்.

"அந்த மருந்து கொண்டாந்திருக்கறயா கண்ணு?"

குப்பியும் டார்ச்சும் அன்றிலிருந்து பையிலேயே இருந்தன. "இருக்குதுங்கப்பா. எதுக்கு?"

"மண்ணுல ஊத்துனா தெரியுமா?"

எந்த மண் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் முன்னால் நடந்தார். வேப்பமரத்து ஓரம் நின்றார். அங்கே மேடு எதுவும் இல்லை. எப்போதோ சமமாகிவிட்டது. அவருக்கு மட்டும் இடம் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, கொண்டுவந்திருந்த டம்ளரில் போட்டார்.

நான் என் வேலையைச் செய்தேன். போர்த்தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டேன். கைக்குட்டையில் வடிகட்டிக் குப்பியில் எடுத்துக்கொண்டேன்.

"இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கப்பா" என்றேன். "மண்ணுன்னா செம்பு இருக்கும். வருசா வருசம் கோழி எருவு போடறோம், அதுல இருக்கும். இரும்பு இருந்தாலும் புளிப்பு இருந்தாலும்கூட இது கொஞ்சம் ஒளிரும். பாக்கறதுன்னா அந்தக் கடைசி வரப்பு மண்ணையும் எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் பாக்கோணும். இருங்க, எடுத்தாறேன்."

"அது வேண்டாங் கண்ணு."

"ஒத்துப் பாக்க இன்னொண்ணு இல்லாமப் பாத்தா..."

"வேண்டாம். இத மட்டும் பாக்கலாம்."

ஒளிரக் கூடாத தட்டு இல்லாமல் நான் இதுவரை எதையும் பார்த்ததில்லை. மாணவர்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் முழுவதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யச் சொல்லியிருப்பேன். சொட்டு விட்டேன். அப்பா தோள் துண்டை எடுத்து எங்கள் இருவர் தலைக்கும் மேலாகப் போர்த்திப் பிடித்தார். துண்டுக்குள் தீவன வாசமும் அவருடைய வியர்வை வாசமும் இருந்தன. சின்ன வயதில் மழைக்கு என்னையும் தம்பியையும் இப்படித்தான் துண்டுக்குள் சேர்த்துக்கொள்வார். ஒரு பக்கம் காலியாக இருந்தது.

டார்ச்சை அடித்தேன். குப்பிக்குள் மங்கலாக, கலங்கலாக, ஆரஞ்சு நிறம் வந்தது.

அப்பா மூச்சு விடும் சத்தம் காதருகே கேட்டது.

"எந்த மண்ணுல ஊத்துனாலும் இப்படி எரியுங்கப்பா" என்றேன்.

"எரியட்டும்" என்றார்.

டார்ச்சை அணைக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் அணைக்கவில்லை.